புல்லட் 350: ஸ்டார்ட் ஆகாத எஞ்சினில் பழுது தேடும் முறை

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, எத்தனை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாதபோது பழுது எங்கே இருக்கிறது என்று ஒழுங்காகத் தேடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இந்த வண்டிக்கு இங்கிலாந்தின் ரெடிச் நகரம் பிறந்த வீடு, சென்னை திருவொற்றியூர் வளர்ந்த வீடு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1970-களின் தொடக்கத்திற்குள் ரெடிச் நிறுவனம் மறைந்துபோனது. திருவொற்றியூரில் மட்டும் அதே அடிப்படை எஞ்சின் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள்வரை தயாராகிக்கொண்டிருந்தது. அதனால் 1960-களின் வண்டிக்கும் 1990-களின் வண்டிக்கும் தேடும் வழி ஏறத்தாழ ஒன்றுதான். 6 வோல்ட் மின்னமைப்பு 12 வோல்ட் ஆனதும் கார்புரேட்டர் மாறியதும்தான் கவனிக்க வேண்டிய வேறுபாடுகள்.

ஒற்றை சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. கொள்ளளவு. இந்த எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோல், போதிய கம்ப்ரஷன். வண்டி நின்றவுடன் பலரும் கார்புரேட்டரைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். அது தவறான தொடக்கம். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்ட அரை மணி நேரமாவது ஆகும். மின்சாரம் வருகிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனைகள்) வைத்த புல்லட்டில் திடீரென்று வரும் கோளாறு பெரும்பாலும் மின்சாரப் பக்கத்தில்தான் இருக்கும்.

உதைக்கும் முறை

பழுது என்று நினைத்துக் கொண்டுவரப்படும் வண்டிகளில் கணிசமானவற்றில் பழுதே இருப்பதில்லை. உதைத்த முறைதான் தவறு. முதலில் கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். புல்லட்டின் கிக்கர் கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாகவே எஞ்சினைச் சுற்றுவதால், கியரில் இருந்தால் உதைக்கும்போது வண்டியே நகரும். அடுத்து சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கால் எதிர்ப்பை உணரும். அதுதான் கம்ப்ரஷன். அங்கே, கம்ப்ரஷனை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டும்வரை கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுவிட வேண்டும். கிக்கரை முழுவதும் மேலே வரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் ஒரே வீச்சில் அடிவரை உதைக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் தேவை. சூடான எஞ்சினுக்குத் தேவையில்லை.

உச்சிக்கு முன்பே பிஸ்டன் நிற்கும்போது அரைகுறையாக உதைத்தால் ரிவர்ஸ் அடிக்கும். கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். முறையாக உதைத்தும் ரிவர்ஸ் அடித்துக்கொண்டே இருந்தால் டைமிங் முன்னதாக இருக்கிறது, அல்லது வேகத்திற்கேற்ப டைமிங்கை முன்னே நகர்த்தும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் விரிந்த நிலையிலேயே சிக்கியிருக்கின்றன அல்லது அவற்றின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அம்மீட்டர் சொல்வது

ஹெட்லைட்டுக்கு மேலே பொருத்திய அம்மீட்டர் வெறும் அலங்காரம் அல்ல. பழுது தேட இதைவிடப் பயனுள்ள கருவி இந்த வண்டியில் இல்லை. இதைச் செலவில்லாமல் கூடவே வரும் ஒரு மெக்கானிக் என்றே சொல்லலாம். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல மெல்ல இறக்கியபடி முள்ளைக் கவனிக்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போவதால் முள் இடப்பக்கம் சாயும். கம்ப்ரஷன் உச்சியை நெருங்கும்போது பாயிண்ட் திறக்கும்; முள் நடுவுக்குத் திரும்பும். அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழ வேண்டும்.

முள் அசையவே இல்லையென்றால் கரண்ட் காயில்வரை போகவில்லை. பேட்டரி முனை, ஃபியூஸ், சாவி சுவிட்ச், அம்மீட்டரின் பின்பக்க நட்டுகள் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் அம்மீட்டர் வழியாகவே போவதால், அதன் ஒரு நட்டு தளர்ந்தாலே எல்லாம் செத்துப்போகும். ஹாரன் அடித்து லைட்டும் எரிந்து, முள் மட்டும் சாயாவிட்டால் பாயிண்ட் முகம் அழுக்காகவோ எண்ணெய் படிந்தோ இருக்கிறது, அல்லது காயிலின் உட்சுருள் அறுந்திருக்கிறது. மாறாக, எஞ்சினைச் சுற்றினாலும் முள் இடப்பக்கமே நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை. பாயிண்டின் ஹீல் தேய்ந்திருக்கலாம், கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம், பாயிண்டுக்குப் போகும் ஒயர் எங்காவது பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். சாவியைத் திருப்பிவிட்டுப் பாயிண்ட் மூடிய நிலையில் நீண்ட நேரம் விடக் கூடாது. காயில் சூடேறும், பேட்டரி இறங்கும்.

முள் ஒழுங்காக ஆடினால் அடுத்தது பிளக். கழற்றிய பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டைத் தொடுமாறு வைத்து உதைத்தால் நீலநிறத்தில் தடித்த பொறி தெரிய வேண்டும். மஞ்சளாக நூல்போலத் தெரிந்தால் அது போதாது; வெளியே காற்றில் வரும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் வராமலும் போகும். இந்தச் சோதனையின்போது பிளக்கைப் பிளக் துளைக்கு அருகே வைக்கக் கூடாது. துளை வழியே பெட்ரோல் ஆவி வெளியேறும். தீப்பிடிக்க அது போதும்.

பாயிண்ட் இடைவெளி முழுவதும் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். குழி விழுந்த முகங்களை நுண்ணிய எமரித்தாளால் தேய்த்தபின் பெட்ரோலில் நனைத்த தாளை நடுவே விட்டு இழுத்தெடுக்க வேண்டும். எமரித்தூள் ஒரு துகள் தங்கினாலும் கரண்ட் போகாது. பாயிண்ட் திறக்கும்போது பளிச்சென்று பெரிய பொறி பறந்தால் கண்டென்சரை மாற்ற வேண்டும். பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும்.

குளிர்ந்த நிலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகி, பத்து இருபது கிலோமீட்டர் ஓடி நின்று, ஆறியபிறகு மீண்டும் ஸ்டார்ட் ஆகும் வண்டி தனி ரகம். காயிலோ கண்டென்சரோ சூட்டில் பழுதாகி, ஆறியதும் சரியாகிவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஆறிவிடுவதால், மெக்கானிக் முன்னால் வண்டி நன்றாகவே ஓடும். உரிமையாளருக்கும் கடைக்காரருக்கும் இடையே பல மனத்தாங்கல்கள் இப்படி வந்தவைதான். நின்ற இடத்திலேயே உடனே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி.

பெட்ரோல்

கழற்றிய பிளக் பெட்ரோல் வரும் கதையையும் சொல்லும். பலமுறை உதைத்தும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் தேவைக்கு மேல் வருகிறது. வராதபோது கார்புரேட்டரைத் தொடுமுன் டேப்பை ரிசர்வில் திருப்பி, டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மூடியின் காற்றுத்துளை அடைத்துக்கொண்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. திறந்தவுடன் உஸ்ஸென்ற ஒலி கேட்கும். நின்ற வண்டிகளில் இந்தத் துளையிலும் சைலன்ஸர் வாயிலும் குளவி மண்கூடு கட்டியிருப்பது நம் ஊர்களில் அபூர்வமல்ல.

இவை சரியாக இருந்தால்தான் கார்புரேட்டர். பிந்தைய வண்டிகளில் பரவலாக இருப்பது மிக்கார்ப். இதில் ஸ்டார்ட் ஆவதற்கான பெட்ரோலைத் தருவது சோக்கும் ஸ்லோ ஜெட்டும்தான். மெயின் ஜெட்டுக்கும் ஸ்டார்ட் ஆகாமைக்கும் அநேகமாகத் தொடர்பில்லை. ஸ்லோ ஜெட்டின் துளை மிக நுண்ணியது. அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்; கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி வண்டி என்றைக்கும் சரியாக ஓடாது. பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகிச் சிலிண்டர் நனைந்துவிட்டால் டேப்பை மூடி, சாவியை அணைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகி, டீகம்ப்ரஸரைப் பிடித்தபடி பல முறை உதைத்தால் ஈரம் வெளியேறும். கோபத்தில் உதைத்துக்கொண்டே இருப்பவர்கள் சிறிய கோளாறோடு இந்தக் கோளாறையும் சேர்த்துவிடுகிறார்கள்.

கம்ப்ரஷன்

நல்ல எஞ்சினில் டீகம்ப்ரஸரைப் பிடிக்காமல் கிக்கர்மேல் ஏறி நின்றால் அது சட்டென்று இறங்காது. மெல்ல மெல்லத்தான் கீழே போகும். தடையில்லாமல் இறங்கினால் முதலில் டீகம்ப்ரஸர் கேபிள் இறுக்கமாகி அதன் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு டேப்பட். குளிர்ந்த எஞ்சினில், வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் புஷ்ராடுகள் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலாவிட்டால் வால்வு முழுதாக மூடவில்லை. இரண்டும் சரியாக இருந்தால் பிளக் துளைவழி ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி சோதிக்கலாம். கம்ப்ரஷன் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது, கூடாவிட்டால் வால்வு. கிக்கர் எதிர்ப்பின்றி இறங்கி, எஞ்சினும் சுற்றாவிட்டால் அது கம்ப்ரஷன் குறை அல்ல. கிளட்ச் நழுவுகிறது அல்லது கிக்கர் ராட்செட் தேய்ந்திருக்கிறது.

நெடுநாள் நின்ற வண்டி

மாதக்கணக்கில் நின்ற புல்லட்டில் மூன்று பகுதிகளும் ஒருசேரக் கெட்டிருக்கும். ஆயில் டேங்க் எஞ்சின் வார்ப்போடு சேர்ந்திருப்பதால், ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் இறங்கிவிடும். உதை கனக்கும், ஸ்டார்ட் ஆனதும் புகை மண்டும். கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தபடி உதைத்து அவற்றைப் பிரிக்க வேண்டும். பாயிண்ட் முகங்களில் ஆக்ஸைடு படியும். இப்போது இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, உதைக்க உதைக்க முதலில் அதுதான் கார்புரேட்டருக்குள் போகும். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதில் ஊறிக் கெட்டுவிடும். இத்தகைய வண்டியில் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டே தேடலைத் தொடங்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகள்

பழைய யெஸ்டி, யமஹா ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் தேடும் வரிசை இதுவே. வால்வு கிடையாது, ஆகவே டேப்பட் வேலையும் இல்லை. அதற்குப் பதில் ஆயில் கரி படிந்து பிளக் அடிக்கடி அடைக்கும். கிராங்க் சீல் கெட்டால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்துவிடும்; கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றினாலும் அது தெரியாது. ஆர்எக்ஸ் 100-இல் மேக்னெட்டோவிலிருந்தே மின்சாரம் பெறும் சிடிஐ இக்னிஷன் இருப்பதால் பேட்டரி செத்தாலும் ஸ்டார்ட் ஆகும்.

புல்லட்டிலும் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவோர் உண்டு. இடைவெளி சரிசெய்யும் வேலை குறையும், ஸ்டார்ட்டிங்கும் சீராகும். ஆனால் பேட்டரி ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அது பொறியே தராது. பாயிண்ட் அந்த நிலையிலும் மங்கலாகவாவது தந்துவிடும். நெடுந்தூரம் போகிறவர்கள் பழைய பாயிண்ட் தட்டையும் ஒரு கண்டென்சரையும் டூல் பாக்ஸில் வைத்துக்கொண்டு போவது அதனால்தான்.