காகிதம் வந்தது, காணி வரவில்லை

வெளிநாட்டுச் சொத்து, வாரிசுரிமை என்று பேச்செடுத்தால் நம் ஆட்களுக்குச் சிரிப்புத்தான் வரும். "உள்ளூருலயே ஒரு குழி நெலம் இல்ல, இதுல வெளிநாட்டுச் சொத்தா?" என்பார்கள். ஆனால் காரைக்கால் பகுதியில் விஷயம் வேறு. நெரவி கொம்யூனில் உள்ள என் ஊர் விழிதியூர் போன்ற வயல் கிராமங்களைச் சுற்றி ஒரு விசித்திரமான நிலைமை இருக்கிறது. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர்தான் வெளிநாட்டவர் ஆகிவிட்டார். பத்திரத்தில் உள்ள பெயர் இங்கே பிறந்தவருடையது. அவர் பையில் இருப்பதோ பிரெஞ்சு பாஸ்போர்ட். இது எப்படி வந்தது என்று பார்த்தால் சாதியும் சட்டமும் நிலமும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடப்பது தெரியும்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-இல். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகத்துக்கே பாடம் சொன்ன தேசம், தன் சிவில் சட்டத்தை இங்கே கொண்டுவந்தபோது 1819 ஜனவரி 6 ஆணையில் ஒரு வாசல் வைத்தது: இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பு. சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ள 1827-இல் ஒரு ஆலோசனைக் குழுவும் அமைத்தார்கள். குழுவில் உட்கார்ந்தவர்கள் யார்? ஊர்ப் பெரிய மனிதர்கள். சேரிக்காரனின் வழக்கம் என்ன என்பதை மிராசுதார் சொல்ல, நீதிபதி எழுதிக்கொள்ள வேண்டியது. இதற்குப் பெயர் பழக்கவழக்கங்களை மதிப்பதாம்.

1881 செப்டம்பர் 21-இல் வந்த ஆணைதான் இதில் ஒரு உடைப்பை உண்டாக்கியது. ஒருவர் அதிகாரி முன்னால் போய் "என் சாதி வழக்கச் சட்டத்தை நான் விட்டுவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். பிரெஞ்சு சிவில் சட்டம் அவரை ஆளும். ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு திரும்ப வழியில்லை. இப்படித் துறந்தவர்கள்தான் ரெனோன்சான். இதற்காக முன்னின்றவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873-இல் ஐரோப்பியர் மாதிரி செருப்பு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்து தண்டனை வாங்கியவர். லாபோர்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். எதிரணியில் நின்றவர் சண்முக வேலாயுத முதலியார். சாதி இந்துக்களில் பெரும்பாலோர் அவர் பின்னால் போனார்கள். துறந்தவர்களில் பெரும்பகுதி கிறித்தவர்கள், பறையர்கள், மற்ற ஒடுக்கப்பட்ட சாதியார். இதில் ஆச்சரியம் என்ன? சாதி வழக்கத்தால் லாபம் உள்ளவன் அதை ஏன் விடப்போகிறான்?

இந்தத் துறப்பில் சொத்துச் சட்டம் முக்கியமான பகுதி. பிரெஞ்சு இந்தியாவில் நிலவிய இந்து வழக்கப்படி மகன் இருந்தால் மகளுக்குப் பங்கில்லை. பிரெஞ்சு சிவில் சட்டத்திலோ மகனும் மகளும் சமம். பிள்ளைகளுக்கு உரிய பங்கை உயில் எழுதியும் முழுதாகப் பறிக்க முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததே 1956-இல். பூர்வீகச் சொத்தில் மகளைப் பிறப்பால் பங்காளி ஆக்கியது 2005 திருத்தம். ஆக, துறந்த சேரிக் குடும்பத்து மகளுக்கு 1881-லேயே சட்டப் புத்தகத்தில் கிடைத்த சமபங்கு, மாடிவீட்டு மகளுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. இதை நாம் எங்கேயாவது சொல்லிக்கொண்டிருக்கிறோமா?

சரி, சமபங்கு எதில்? அங்கேதான் இடி. பங்கு போட நிலம் வேண்டுமே. வயல் மிராசுதாருடையது. குடிசை நிற்கும் மனைக்கட்டும் அவருடையது. உரிமை வந்தது, உடைமை வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சியில், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மற்ற சாதியார் பிடுங்கிக்கொண்டது வேறு கதை. ஆனால் பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்காலுக்கு அந்த ஆணை எட்டவே இல்லை. இங்கே காகிதம் உண்டு, நிலம் கிடையாது. அங்கே நிலம் காகிதத்தில் உண்டு, கையில் கிடையாது.

நிலமில்லாதவர் கப்பல் ஏறினார். காரைக்கால் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியனுக்கும், 1853-இலிருந்து மர்த்தினிக்குக்கும், 1854-இலிருந்து குவாதலூப்புக்கும் ஆட்கள் போனார்கள். அங்கே அப்பன் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோனது. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டா என்ற வழக்கை ஆன்றி சிதம்பரம் 1904-இலிருந்து 1923 வரை நடத்தி வென்றார். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் வேர் தேடி இங்கே வந்தால், பூர்வீகச் சொத்து என்று காட்ட ஒரு சர்வே எண் கிடையாது. விட்டுப்போக எதுவும் இல்லாததால்தானே போனார்கள்!

காசு வந்தது வேறு வழியாக. ரெனோன்சான்கள் படையில் சேர்ந்தார்கள். இந்தோசீனாவில் காவல், சுங்கம், தபால், சிறை என்று வேலை பார்த்தார்கள். 'சொல்தா' பென்ஷனும் சைகோன் சம்பளமும்தான் பல குடும்பங்களுக்கு முதல் கல்வீட்டைக் கட்டித் தந்தன. சிலர் சைகோனிலேயே வீடு வாங்கினார்கள். 1975 ஏப்ரல் 30-க்குப் பிறகு அங்கே தனியார் சொத்துகள் அரசுடைமை ஆயின. பத்திரத்தோடு திரும்பியவர் கையில் பத்திரம் மட்டுமே மிச்சம். பர்மாவில் 1948 நில தேசியமயச் சட்டத்தால் செட்டியார்கள் இழந்த நிலத்தைப் பற்றி எத்தனை ஆய்வுகள்! சைகோனில் ஒரு சிப்பாய் விதவை இழந்த இரண்டு அறை வீட்டை எந்த ஏட்டில் தேடுவது?

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர் இந்தியர் ஆவார். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தங்கை கொடுக்கவில்லை. அண்ணன் பிரெஞ்சுக்காரர், தங்கை இந்தியர். 1963-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டியபோது ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தார்கள்.

பிறகு வந்தது அந்நியச் செலாவணிச் சட்டம். 1974 முதல் நடப்புக்கு வந்த 1973-ஆம் வருடச் சட்டப்படி, வெளிநாட்டுக் குடிமகன் இங்குள்ள வீட்டை விற்கவோ தானம் எழுதவோ ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். தாத்தா கட்டிய வீட்டை விற்க பம்பாய்க்கு மனு! அனுமதி இல்லாத அத்தகைய கைமாற்றம் செல்லாது என்று 2021 பிப்ரவரியில் ஒரு பெங்களூரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே முடிந்துபோனவற்றைக் கிளற வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னது. 2000 ஜூன் முதல் நடப்பில் உள்ள ஃபெமா சட்டம் இளகியது. இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தை வெளிநாட்டில் இருப்பவர் வைத்துக்கொள்ளலாம். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை உள்ளவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். விற்பதானால் இங்கே வாழும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஒரு சாவுக்கு இரண்டு சட்டம். பிரான்சில் குடியிருந்து இறந்தவரின் சொத்து முழுவதையும், எங்கே இருந்தாலும், அவர் வாழ்ந்த நாட்டுச் சட்டப்படியே பிரிக்க வேண்டும் என்கிறது 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதி. இந்தியாவில் உள்ள நிலத்துக்கு இந்தியாவின் சட்டம்தான் என்கிறது 1925-ஆம் வருட வாரிசுரிமைச் சட்டம். பாரிசில் உள்ள நொத்தேர் ஒரு கணக்குப் போடுகிறார், காரைக்கால் தாலுகா ஆபீஸ் இன்னொரு கணக்குப் போடுகிறது.

நடுவில் மாட்டிக்கொள்வது யார்? வீட்டைப் பெருக்கி, ஓடு மாற்றி, வரி கட்டி வாழ்கிற தங்கை. "அண்ணன் வருஷா வருஷம் வருது, பாகப் பேச்செடுத்தா அடுத்த வருஷம்னு போவுது" என்று சொல்கிற பெண்களை எங்கள் பக்கம் பார்க்கலாம். அண்ணன் அங்கே இறந்துபோகிறார். அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. அதிகாரப் பத்திரம் வைத்திருந்த புரோக்கர், எழுதிக் கொடுத்தவர் செத்த பிறகும் கிரயம் பேசுகிறான். எழுதியவர் இறந்ததும் சாதாரண அதிகாரப் பத்திரமும் செத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ரெனோன்சான் குடும்பமென்றால் மேரியில் பதிவாகாத கல்யாணமும் சேர்ந்துகொள்கிறது. தாலி கட்டியிருந்தாலும் ஏட்டில் அவள் மனைவி இல்லை.

ஆகவே இயக்கத் தோழர்கள் சாதிச் சான்றிதழுக்கு அலைவது போலவே இதற்கும் அலைய வேண்டும். தாத்தா துறந்த பத்திரத்தின் நகல் இருக்கிறதா, பெயர் எழுத்து எல்லா ஏட்டிலும் ஒன்றாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சுக் காலப் பதிவேடுகளுக்கு நான்த் நகரத்துக்கு எழுதிக் கேட்கலாம். பிரான்சின் இறப்புச் சான்றிதழில் அப்போஸ்தில் முத்திரை வாங்க வேண்டும். அங்கே எழுதிய அதிகாரப் பத்திரம் இங்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்துப் பதிய வேண்டும், தங்கையின் பங்கு தங்கையின் பெயருக்கு.

இதெல்லாம் கல்வீடு உள்ள சில குடும்பங்களுக்கு. மிராசுதார் மனையில் குடிசை போட்டவருக்கு மனைப்பட்டாதான் முதல் வாரிசுச் சொத்து. அந்தப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, இறந்தவர் பெயரிலேயே கிடக்கிறதா என்று தெருத்தெருவாகக் கணக்கெடுக்கும் வேலை பாக்கி இருக்கிறது. அதை விழிதியூரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.