துருவும் படைக்கலமும்: ஒரு வரலாற்று நோக்கு

படைக்கலங்களின் வரலாற்றை எழுதியோர் அவை ஆக்கப்பட்ட விதத்தையும் அவற்றால் வெல்லப்பட்ட போர்களையும் விரிவாகக் கூறியுள்ளனர். அவை நாள்தோறும் எவ்வாறு பேணப்பட்டன என்பதோ பெரிதும் கவனிக்கப்படவில்லை. ஈரம் மிகுந்த நாடுகளில் இப்பேணல் எத்துணை இன்றியமையாதது என்பதைச் சில சான்றுகள் கொண்டு நோக்குவோம்.

இரும்பு, நீருடனும் ஒட்சிசனுடனும் தாக்கமுற்றுத் துருவாகின்றது. துரு நுண்துளைகள் உடையதாதலின் அடியிலுள்ள இரும்பை அது காப்பதில்லை. அரிப்புத் தொடர்ந்து உட்செல்லும். உப்புச் சேரின் அது மேலும் விரைவுறும். எனவே ஈரத்தை இரும்பிலிருந்து விலக்குவதே பாதுகாப்பின் அடிப்படையாகும்.

பண்டைத் தமிழர் இதனை அறிந்திருந்தனர். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூட்டப்பட்டு, நெய் பூசப்பெற்று, காவலுடைய மனையில் இருந்தன என்றும், அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடந்தன என்றும் ஔவையார் பாடுகின்றார் (புறநானூறு, 95). புகழ்வதுபோல் இகழும் பாடல் இது. எனினும் அவர் எள்ளியது போர் காணாமையையே, நெய்ப்பூச்சை அன்று. இரும்புக்கு நெய்யிடும் வழக்கத்திற்கு இப்பாடல் பழஞ்சான்றாகவும் அமைகின்றது.

துப்பாக்கியின் வருகையோடு சிக்கல் இருமடங்காயிற்று. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றாலான கருமருந்து எரிந்தபின் குழாயில் எஞ்சும் பொற்றாசிய உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்ப்பவை. சுட்டபின் குழாயை நீரினாற் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடாவிடின் அது விரைவில் அரிபடும். ஆகவே பேணல், போர்வீரனின் அன்றாடக் கடமையாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் உலோகவியல் இக்கடமையை எளிதாக்கியது. 1913இல் செவ்பீல்ட் நகரில், துப்பாக்கிக் குழாயின் தேய்மானத்தைத் தாங்கும் உருக்கைத் தேடிய ஹரி பிரியர்லி, குரோமியம் கலந்த துருப்பிடியா உருக்கைக் கண்டார். 1939இல் ஜப்பான் ஏற்ற 99ஆம் வகைத் துப்பாக்கியின் குழாய் உட்புறம் குரோமியப் பூச்சுப் பெற்றிருந்தது.

இவ்வறிவு இருந்தும் வியட்நாமில் அது புறக்கணிக்கப்பட்டது. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் படையினருக்கு வழங்கப்பட்ட எம்.16 துப்பாக்கி, துப்புரவு அதிகம் வேண்டாதது எனக் கருதப்பட்டது. துப்புரவுக் கருவிகள் போதியளவு வழங்கப்படவில்லை. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. மாற்றப்பட்ட வெடிமருந்து மிகுதியான கசடை விட்டது. மழைக்காட்டின் ஈரத்தில் அறை அரிபட, சுட்ட தோட்டாவின் உறை வெளிவராது சிக்கியது. பகைவர் முன்னிலையில் செயலற்ற துப்பாக்கியோடு வீரர் பலர் மாண்டனர். 1967இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உபகுழு இதனை ஆராய்ந்து கடுமையாகக் கண்டித்தது. அதன்பின்னர் குரோமியப் பூச்சும் துப்புரவுக் கருவிகளும் பயிற்சியும் வழங்கப்பட, குறை பெரிதும் நீங்கியது.

இங்கு தவறியது இரும்பன்று. பேணல் வேண்டாத கருவி உண்டென நம்பியோர் அலுவலகங்களில் இருந்தனர். அந்நம்பிக்கையின் விலையைக் கொடுத்தோர் சேற்றில் நின்றனர். வயலிலிருந்து மீண்டதும் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெயிடும் உழவன் அறிந்த உண்மையை ஒரு வல்லரசு மறந்தது. கருவியை ஆக்குவோரோடு அதனைப் பேணுவோரின் உழைப்பும் வரலாற்றில் இடம்பெறுதல் வேண்டும்.