கேளாத எச்சரிக்கை: கணினி நச்சுநிரல்களின் வரலாறு

கண்ணுக்குப் புலனாகாத சிறு பொருள் பெருங்கேட்டை விளைக்கும் என்பது ஊவா மலைநாட்டுக்குப் புதிய செய்தியன்று. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டத்தில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து அவ்விலைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. பெர்க்லி என்னும் அறிஞர் அஃதொரு பூஞ்சணம் எனக் கண்டு அவ்வாண்டிலேயே அதற்குப் பெயரிட்டார். ஆயினும் கோப்பியின் விலை உயர்ந்திருந்த காலமாதலின், தோட்டத்துரைமார் மேலும் மேலும் காடழித்துக் கோப்பியையே நட்டனர். இருபது ஆண்டுகள் கழிவதற்குள் இலங்கையின் கோப்பித் தொழில் வீழ்ந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மலைக்கு மலை ஒரே பயிர் நின்றமையால், ஓர் இலையில் தோன்றிய நோய் நாடெங்கும் பரவுதல் எளிதாயிற்று.

இக்காலத்தில் உலகெங்கும் பரந்து கிடக்கும் ஒரே பயிர் ஒன்று உண்டு. அதுவே கணினி. மாஸ்கோவிலும் மதுரையிலும் பதுளையிலும் உள்ள கணினிகள் பெரும்பாலும் ஒரே வகை மென்பொருளால் இயங்குகின்றன. ஆதலின் ஒன்றில் நுழையும் வழியறிந்தவன் எல்லாவற்றிலும் நுழையலாம். அவ்வாறு நுழைந்து கேடு செய்யுமாறு எழுதப்பட்ட கட்டளைத் தொகுதியே நச்சுநிரல் எனப்படுவது. அது தானே தோன்றும் நோயன்று, மனிதன் எழுதிவிடுவது.

நச்சுநிரல்களின் வகைகளை அவற்றின் வரலாற்றோடு சேர்த்து அறிதல் நன்று. முதலாவது வைரஸ். இது தனித்து வாழாது. வேறொரு கோப்பிலோ தட்டிலோ ஒட்டிக்கொண்டு, அது செல்லும் இடமெல்லாம் தானும் செல்லும். 1986இல் பாக்கிஸ்தானின் லாகூர் நகரிலே மென்பொருள் விற்ற சகோதரர் இருவர், தம் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதி செய்வோரைப் பிடிக்கக் கருதி 'பிரெயின்' என்னும் வைரஸை எழுதினர். அதனுள் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வெளிப்படையாகவே வைத்தனர். அது நெகிழ்தட்டுகளின் வழியே கடல் கடந்தது. எழுதியவர்களே வியக்கும் அளவுக்குப் பரவியது.

இரண்டாவது புழு. இதற்கு ஒட்டுவதற்கு இடம் வேண்டியதில்லை. வலையமைப்பின் வழியே தானாக ஊர்ந்து செல்லும். 1988 நவம்பர் 2ஆந் திகதி அமெரிக்க மாணவர் ரொபர்ட் மொறிஸ் விடுத்த புழு, அக்காலத்து இணையத்தின் ஏறத்தாழ 6,000 கணினிகளைத் தாக்கியது என மதிப்பிடப்பட்டது. அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள். இந்நிகழ்ச்சியின் பின்னரே கணினி அவசர நிலைகளைக் கவனிக்கும் முதலாவது குழு அமெரிக்காவில் நிறுவப்பட்டது. இலங்கையில் அத்தகைய குழு 2006இல் தோன்றியது. கணினிக் குற்றச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது.

மூன்றாவது ட்ரோஜன். கிரேக்கர் பரிசெனக் கொடுத்த மரக்குதிரையின் வயிற்றில் வீரர் ஒளிந்திருந்த கதையை யாவரும் அறிவர். இந்நிரலும் பயனுள்ள பொருளின் வேடத்தில் வரும். 1989இல் எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ 20,000 தட்டுகள் பலருக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. கணினி பல தடவை இயக்கப்பட்ட பின், அந்நிரல் கோப்புகளின் பெயர்களை மறைத்துவிட்டு, பனாமா நாட்டின் தபாற்பெட்டி ஒன்றுக்கு 189 டொலர் அனுப்புமாறு கேட்டது. நான்காவது வகையாகிய கப்பம் கோரும் நிரலின் மூதாதையும் இதுவே. ஐந்தாவது ஒற்று நிரல். ஓசையின்றி இருந்து கடவுச்சொல்லையும் வங்கிக் கணக்கையும் களவாடுவது.

இவ்வரலாற்றின் பாடம் 2017இல் தெளிவாயிற்று. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் மென்பொருளில் இருந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்டது. மே 12ஆந் திகதி 'வன்னாக்ரை' என்னும் கப்ப நிரல், புழுவைப் போல ஊர்ந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் அதே ஓட்டை வழியே நுழைந்தது. பிரித்தானியாவின் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மருந்து இரண்டு மாதங்களுக்கு முன்னரே கையில் இருந்தது. இட்டுக்கொள்ளாதவரே பெரிதும் இடருற்றனர்.

எச்சரிக்கை கேட்டும் இடருற்றவர் மூடரோ எனின், அவ்வாறு கூறுதல் நீதியன்று. கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டம் இதற்குச் சான்று. அங்கே மண் சரியக்கூடும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தமக்கென ஓர் அடி நிலமும் இல்லாத தொழிலாளர், மாற்று வீடின்றி எங்கே பெயர்வர்? மகல்தெனியவில் அவர்களுக்குப் புதிய வீடுகள் எழுந்தது அனர்த்தத்தின் பின்னரே. எச்சரிக்கை சொல்லோடு முடிந்தால் அது பாதி எச்சரிக்கையே. அதன்படி நடக்க வழியும் தரப்படுதல் வேண்டும்.

உயிரிழப்போடு ஒப்பிடத்தக்கதன்றாயினும், தலைநகரின் அரச கணினிகளிலும் இவ்வுண்மையே வெளிப்பட்டது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பைக் கப்ப நிரல் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கப்படவில்லை. அங்கே இயங்கியது 2013ஆம் ஆண்டின் பழைய மென்பொருள். அதனைப் புதுப்பிக்கும் எண்ணம் 2021 முதலே இருந்தும் நிதிக் குறைவு முதலிய காரணங்களால் தடைப்பட்டது. பிரதிகள் எடுக்கப்பட்டிருந்தன, ஆனால் அவையும் அதே அமைப்போடு இணைந்திருந்தமையால் சேர்ந்தே பூட்டப்பட்டன. விதைநெல்லையும் சமையல் நெல்லையும் ஒரே குதிரில் வைத்தவன் வீடு தீப்பற்றினாற்போல ஆயிற்று.

ஆதலின் காப்பு முறைகளுள் தலையாயது பிரதி எடுத்தல். அதனினும் முக்கியமானது, அப்பிரதியைக் கணினியினின்றும் கழற்றி வேறிடத்தில் வைத்தல். திருத்தம் வந்தவுடன் மென்பொருளைப் புதுப்பித்தல் அடுத்தது. திருட்டுப் பிரதியான மென்பொருளுக்குப் பெரும்பாலும் இத்திருத்தம் கிட்டாது. அதனுள்ளேயே ட்ரோஜன் இருத்தலும் கூடும். அறியாதவர் அனுப்பிய இணைப்பைத் திறவாமை, ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொல் வைத்தல், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை எவர் கேட்பினும் கூறாமை என்பனவும் கைக்கொள்ளத்தக்கன. கப்பம் செலுத்தினும் கோப்புகள் மீளும் என்பதற்கு உறுதியில்லை.

இன்று லயத்து அறையிலும் கைத்தொலைபேசி உண்டு. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கும் பிள்ளையின் பணம் வந்து சேர்ந்த செய்தியும், பேரனின் பாடமும், குடும்பத்தின் புகைப்படங்களும் அதனுள் இருக்கின்றன. பழைய கைத்தொலைபேசிக்குத் திருத்தம் வருவது நின்றுவிடுகிறது. புதியது வாங்க நாட்கூலி போதாது. ஆகவே 'கவனமாயிருங்கள்' என்று கூறி ஒதுங்குதல் போதாது. தோட்டப் பாடசாலைகளின் கணினிகளைப் புதுப்பிக்கப் பொருளும், பெற்றோருக்குத் தமிழிலே விளக்கமும், ஏமாற்றப்பட்டவர் நாணமின்றி முறையிட அருகில் ஓரிடமும் வேண்டும். கோப்பி அழிந்ததும், மலை சரிந்ததும், அரச மடல்கள் மறைந்ததும் அறிவு இல்லாத குறையாலன்று. அறிந்தது உரிய வேளையிற் செயலாகாத குறையால்.