அடுப்பங்கரையில் அன்பு

அன்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உள்ளத்தைப் பற்றியே பேசுவர். ஆனால் கிறிஸ்தவ சமுதாயத்தின் பழைய வரலாற்றை நோக்குங்கால், அங்கே அன்பு என்னும் சொல் அடுப்பின் அருகிலேயே மிகுதியாக நிற்பதை நான் காண்கிறேன். கிரேக்க மொழியில் 'அகாபே' என்றால் அன்பு. தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் தாங்கள் கூடி உண்ட விருந்துக்கும் அந்தப் பெயரையே இட்டார்கள். பெயரிடுதல் எளிது; பெயரைக் காத்தல் அரிது. அந்த அருமையைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

எருசலேம் நகரில் அச்சமுதாயம் தோன்றிய நாளில் எழுந்த முதற் பூசல்களுள் ஒன்று உணவைப் பற்றியது. கிரேக்கம் பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் புறக்கணிக்கப்படுவதாக முறையீடு எழுந்தது. பந்தியைக் கவனிக்க எழுவரைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறை கூறியவர்களின் பக்கத்தாரிடமே அகப்பையைக் கொடுத்தார்கள் என்று கொள்ளத் தோன்றுகிறது. இஃது எத்துணைப் பெருந்தன்மை!

கொரிந்து நகரிலோ நிலை வேறு. ஏறத்தாழ கி.பி. 55இல் பவுல் அடிகள் அங்குள்ளவர்களுக்கு எழுதிய திருமுகம் அதனைக் காட்டுகிறது. செல்வர்கள் முந்தி உண்டார்கள், ஏழைகள் பசித்திருந்தார்கள், ஒருபுறம் வெறும் வயிறு, மறுபுறம் குடிவெறி. அக்காலத்து உரோமானியச் செல்வர் இல்லங்களின் உணவறையில் ஒன்பது பேர் சாய்ந்து உண்ண இடமிருந்தால் அதுவே வழக்கமான அளவு. மற்றவர்கள் முற்றத்தில் இருந்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். பவுல் அடிகள் இவ்வேற்றுமையைக் கடிந்துகொண்டார். நேயர்கள் ஒன்றைக் கருதவேண்டும். அன்பைப் பற்றி உலகம் போற்றும் அவருடைய அதிகாரம் இதே திருமுகத்தில், இக்கண்டனத்திற்கு இரண்டு அதிகாரங்கள் தள்ளி வருகிறது. பந்தியில் உடைந்த அன்பையே அவர் பின்னர்ச் சொல்லால் சேர்த்துக் கட்டினார் என்பது என் எண்ணம்.

இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரத்துத் தெர்த்துல்லியன் இவ்விருந்தின் சிறப்பை எடுத்துரைத்தார். அதனால் ஏழைகள் பயன்பெறுகின்றனர் என்று பெருமிதத்தோடு எழுதினார். ஆனால் நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், கோயில்களுக்குள் அகாபே விருந்து நடத்தலாகாது என விதித்தது. விருந்து கோயிலை விட்டு வெளியேறியது.

வெளியேறிய அன்பு எங்கே புகுந்தது? மடத்துச் சமையலறையில் புகுந்தது என்பேன். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த பெனதிக்து முனிவர் தம் மடத்தார்க்கு ஒழுங்குநூல் ஒன்று வகுத்தார். அதன் 35ஆம் அதிகாரம் சமையற்பணியைப் பற்றியது. நோயுற்றோரும் இன்றியமையாத அலுவலுடையோரும் ஒழிய, ஒருவரும் சமையற் பணியினின்று விலகலாகாது. ஒவ்வொரு வாரமும் முறை மாறும். வாரம் முடித்தவர் சனிக்கிழமையன்று துணிகளைத் துவைத்துப் பாத்திரங்களைத் தூய்மையாக ஒப்படைப்பார். முறை முடித்தவரும் முறை ஏற்பவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவுவர். பரிமாறுவோர் முணுமுணுப்பின்றிப் பணிசெய்யும்பொருட்டு, உணவு வேளைக்கு முன்னரே அவர்களுக்குச் சிறிது அப்பமும் பானமும் உண்டு. சமைத்த கறி இரண்டு வகை வேண்டும்; ஒன்று ஒருவருக்கு ஒவ்வாவிடின் மற்றதை உண்ணலாம். இத்தகைய சிறு கவலைகளே அன்பின் இலக்கணம் அல்லவா?

இனி நம் நாட்டைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் சாதி வேற்றுமை நிலைத்திருந்தது. அதனை ஒழிக்க மிஷனரிமார் பலர் பந்தியையே உரைகல்லாக எடுத்தனர். மதுரை அமெரிக்க மிஷனார் 1847ஆம் ஆண்டில், கூடி உண்ண மறுத்தோரை விலக்கி வைத்தனர். 1850ஆம் ஆண்டு சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, தீண்டாதார் என ஒதுக்கப்பட்டவர் சமைத்த உணவை உண்டு காட்டவேண்டும் என்று வரையறுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷனார் இவ்வாறு வற்புறுத்துவதை ஏற்கவில்லை.

சாதியை எதிர்த்தவர்களின் நோக்கம் நேரியது. நான் அவர்கள் பக்கத்தவனே. உண்ண மறுத்தவர் எத்தனை பாட்டுப் பாடினாலும், அந்தப் பானையின் முன் அவர் நெஞ்சு வெளிப்பட்டுவிட்டது. எனினும் ஒரு குறை என் உள்ளத்தை உறுத்துகிறது. அச்சோதனையில் உண்பவருக்கே எல்லா முதன்மையும். சமைத்தவர்க்கு ஓரிடமும் இல்லை. அவர் ஆக்கிய சோறு விருந்தாகவா கருதப்பட்டது? விழுங்கித் தீரவேண்டிய கசப்பு மருந்தாக அன்றோ நின்றது! ஒருவருடைய கைச்சோற்றைச் சோதனைப் பொருளாக்குவது, அவரைப் பெருமைப்படுத்துவது ஆகாது.

பெனதிக்து முனிவரின் ஏற்பாட்டில் இந்தக் குறை இல்லை. இன்று உண்பவர் அடுத்த வாரம் சமைப்பவர். கற்றவரும் கல்லாதவரும், உயர்குடியில் பிறந்தவரும் உழவர் மகனும் ஒரே அடுப்பின் புகையை முறைவைத்து ஏற்றனர். ஒரு நாள் உடனுண்ணுதல் ஒரு சடங்காக முடிந்துவிடலாம். வாரந்தோறும் ஒருவர்க்காக ஒருவர் உலை வைப்பது வாழ்க்கையாகிவிடும்.

திருநெல்வேலிச் சீமையின் கோயில் திருவிழாக்களில் 'அசனம்' என்னும் பொதுவிருந்து இன்றும் நடைபெறுகிறது. ஊரார் திரண்டு உண்ணும் நல்ல வழக்கம் அது. அத்தகைய பந்தி எங்கே நடந்தாலும், யார் யாருடன் அமர்ந்தார் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. யார் யாருக்காக விறகு பிளந்தார், யார் அரிசி களைந்தார், யார் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார் என்றும் கேட்கவேண்டும். அந்த வேலைகள் எல்லாம் ஒரே தெருவாரின் கைகளிலேயே நின்றுவிட்டால், அகாபே என்னும் பெயர் அந்தப் பந்திக்குப் பொருந்தாது.