சுரண்டி முதல் செயற்கை நுண்ணறிவு வரை: மலையக மண்ணறிவின் வரலாறு

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே, றொசல்லப் புகையிரத நிலையத்தில் மழைக்காலத்தில் இறங்குவோர் கான்களில் செந்நீர் ஓடக் காண்பர். ஓடுவது தேயிலை மலையின் மேல்மண். அதனைக் காக்கும் அறிவு யாரிடம் இருந்தது, எவ்வழியாகத் தொழிலாளரை அடைந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. மண்வளம் மீட்கும் வேளாண்மையைச் செயற்கை நுண்ணறிவின் வாயிலாகச் சிறு விவசாயிகளுக்கு உணர்த்தலாம் என்னும் முயற்சிகள் பெருகிவரும் இந்நாளில் இவ்வினா மீண்டும் எழுகின்றது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. புல் பூண்டின்றி நிலத்தைத் துடைத்து வைத்தலே நல்ல பராமரிப்பு எனத் துரைமார் நெடுங்காலம் கருதினர். களையெடுத்த சுரண்டி மண்ணையும் சேர்த்தே சுரண்டியது. அறிவியல் உறங்கிக் கிடந்தது எனல் பொருந்தாது. 1925இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், மண்ணரிப்பைத் தடுக்கும் கான்களையும், நிழலும் தழையுரமும் தரும் முள்முருக்கையும், மறுநடுகைக்கு முன் நிலத்தைத் தேற்றும் கௌத்தமாலாப் புல்லையும் பரிந்துரைத்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

ஆயினும் அவ்வறிவு துரையிடமிருந்து கங்காணி வழியாகத் தொழிலாளியை அடைந்தபோது வெறும் கட்டளையாய்ச் சுருங்கிற்று. துரைமார் தமிழ் பயிலக் கைந்நூல்கள் இருந்தன. அவை கற்பித்ததோ பெரும்பாலும் ஏவல் தமிழ். 'வெட்டு' என்ற சொல் வந்தது. 'ஏன்' என்பதன் விடை வரவில்லை.

விடையைத் தொழிலாளர் தம் கையாலேயே கண்டனர். கான் வெட்டியே காலங்கழித்த என் பாட்டனார், கவ்வாத்துக் குச்சிகள் மலையிலேயே மக்கினால் செடி தேறும் என்பார். அவரே மாலையில் அக்குச்சிகளைக் கட்டாகக் கட்டி லயத்துக்குச் சுமந்து வருவார். அடுப்பெரிக்க வேறு விறகில்லை. அறியாமையால் அவர் மண்ணை வஞ்சித்தார் என யார் கூறமுடியும்?

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நாடு முழுவதுமே இத்தகைய கட்டளையொன்றைக் கண்டது. மண்ணைத் தேற்றப் பல்லாண்டுகள் வேண்டும். நவம்பரில் தடை நீங்கிவிட்டது. பொருளாதார நெருக்கடியும் சேர, 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடியாகக் குறைந்தது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 2006இல் பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தில் முளைத்த 'டிஜிட்டல் கிரீன்' முயற்சி, கிராமத்து விவசாயிகளையே படம்பிடித்து அயலாருக்குக் காட்டியது. தம்மையொத்தவர் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதே அதன் அடிப்படை. அந்நிறுவனம் பின்னர் உருவாக்கிய 'ஃபார்மர் சாட்', விவசாயியின் கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவால் விடையளிக்கின்றது. இத்தகைய கருவி, பதிவாகியுள்ள அறிவிலிருந்தே விடை கூறும். மலையகத்தாரின் மண்ணறிவோ பெரிதும் வாய்மொழியாகவே வழங்கியது. இலக்கியத் தமிழில் கான் என்பது காடு. எம்மவர்க்கு அது வடிகால். 'கான் தூர்ந்துவிட்டது, என்ன செய்வது?' என றொசல்லத் தொழிலாளி வினவின், ஏட்டுத் தமிழ் மட்டுமே பயின்ற இயந்திரம் எந்தக் காட்டைத் தேடுமோ! கான் வெட்டிய முதியோர் உள்ளபோதே அவர்தம் சொற்களையும் செய்முறைகளையும் ஒலிப்பதிவு செய்தல் பல்கலைக்கழக மாணவரால் இயலாத காரியமன்று.

மற்றொன்றும் உண்டு. சிறு தேயிலைத் தோட்டக்காரருக்கு நிலமுண்டு. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அவர்களுக்கெனத் தனி அதிகாரசபையும் உண்டு. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று அவர்களுடையது. தோட்டத் தொழிலாளி அவ்வகையில் அடங்கார். அண்மைக்காலத்தில் சில கம்பனிகள் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்தளித்து, கொழுந்தின் வருமானத்தில் பங்கு தருகின்றன. செடியைப் பேணுவோர் அவர், நிலமோ அவரதன்று. குச்சியை மலையில் விடு, நிழல்மரம் நடு என இயந்திரம் செப்பமான தமிழிலேயே கூறட்டும். அம்மரம் நிழல் தரும் பருவத்தில் அந்த மலை தம் குடும்பத்தின் பொறுப்பில் இருக்குமா என்று அவர் திருப்பிக் கேட்பின், அதற்கு விடையளிக்க வேண்டியோர் கம்பனியாரும் அரசுமே.