குடிநோய்க்கும் அரசு சிகிச்சை: சட்டம் என்ன சொல்கிறது?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் பற்றிய தீ 28 உயிர்களைப் பறித்தது. பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். தர்காவுக்கென்று நம்மவர்கள் நோயாளிகளை அழைத்துச் செல்லும் ஊர் அது.

2018 மே 29 முதல் நடப்பிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனப் பாதிப்பையும் நோயாகவே கொள்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழிருப்பவருக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். குடி ஹராம் என்று மிம்பரில் சொல்கிறோம், சொல்வோம். குடிநோயாளியை மருத்துவரிடம் கூட்டிப்போக அது தடையல்ல.

புதுப்பட்டினத்தார் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். வெளியே தெரிந்தால் சம்பந்தம் கெடும் என்று மறைக்கும் வீடுகள் நம் மஹல்லாக்களில் உண்டு. சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பதும் இச்சட்டம் தரும் உரிமையே. முதலில் பேசிப் பார்க்க 14416. போதை மீட்புக்கு 14446.