மாசச்சூசெட்சின் உயர்ந்த கோபுரங்கள்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோர மாநிலமான மாசச்சூசெட்சின் வானளாவிகள் பெரும்பாலும் அதன் தலைநகர் பாஸ்டனில் உள்ளன. தொடக்கத்தில் 125 அடிக்கு மேல் கட்ட நகர விதி இடந்தரவில்லை. சுங்க மாளிகை நடுவண் அரசின் உடைமை. எனவே அது விதிக்குள் வரவில்லை. 1915இல் அதன்மேல் எழுந்த 151 மீட்டர் கோபுரமே ஏறத்தாழ அரை நூற்றாண்டு நகரின் மிக உயரமான கட்டடம். 1964இல் புருடென்சியல் காப்பீட்டு நிறுவனத்தின் 228 மீட்டர் கோபுரம் அதை முந்தியது.

உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனமான ஜான் ஹான்காக் அதையும் விஞ்ச விரும்பியது. அது கட்டிய இடமான பேக் பே, 19ஆம் நூற்றாண்டில் கடற்கழியைத் தூர்த்து ஆக்கிய நிலம். அடித்தளம் தோண்டியபோது மண் நகர்ந்து, அருகே மரத்தூண்கள்மேல் நின்ற டிரினிட்டி தேவாலயம் சேதமடைந்தது. தேவாலயம் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றது.

1973 சனவரியில் வீசிய கடுங்காற்றில் கண்ணாடிகள் உடைந்து விழுந்தன. ஒவ்வொன்றும் சுமார் 227 கிலோ! எவரும் இறக்காதது வியப்பே. காற்று வலுத்தால் காவலர்கள் தெருவை மூடினர். சன்னல்களை ஒட்டுப்பலகை அடைத்தது. இரட்டைக் கண்ணாடிகளை இணைத்த ஈயப் பற்று சிறிதும் நெகிழாததே காரணம். 10,344 கண்ணாடிகளும் மாற்றப்பட்டன. ஆட்டத்தைத் தணிக்க 58ஆம் தளத்தில் தலா 300 டன் எடையுள்ள இரு பாரங்கள் வைக்கப்பட்டன. கட்டடம் சாயாதிருக்க 1,500 டன் எஃகு சேர்க்கப்பட்டது.

1976இல் திறக்கப்பட்ட இந்த 60 மாடிக் கட்டடமே 241 மீட்டருடன் இன்றும் மாநிலத்தில் மிக உயரமானது.